ஒரு கெப்பாசிட்டர் வாங்கப் போன கதை

முதல் நாள், ஃபோர்ட் வொர்த்

மூன்று சட்டை, ஒரு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயக் கம்பி, துண்டில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டி. சான் ஹோசேயில் விமானம் ஏறும்போது என் பையில் இருந்தது இவ்வளவுதான். அந்தப் பெட்டிக்காகத்தான் இந்தப் பயணமே.

1998-இல் ரேடியோஷாக் என்ற அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய மினி ஆம்ப்ளிஃபயர் அது, சத்தத்தைப் பெருக்கும் கருவி. கேட்லாக் எண் 277-1008. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு குட்டி ஸ்பீக்கர், உள்ளே எல்எம்386 என்ற எட்டுக் கால் ஐசி. சர்க்யூட் கட்டும்போது சிக்னல் எந்த இடம் வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று காதால் கேட்டே கண்டுபிடிக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது. 27 வருடமாக என் மேசையில் இருக்கிறது. போன மாதம் சத்தம் மெலிந்துபோனது. திறந்து பார்த்தேன். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்னப் பாகம், வயதாகிக் காய்ந்துவிட்டது. அதன் அளவு 220 மைக்ரோஃபாரட்.

இணையத்தில் சொன்னால் நாளைக்கே வாசலில் வந்து விழும். ரேடியோஷாக் கடைகளோ பெரும்பாலும் மூடிவிட்டன. ஆனால் இந்தப் பெட்டிக்கு அந்தக் கடையின் கெப்பாசிட்டரையே போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. மனசு பிறகு வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. டெக்சாஸின் ஆர்லிங்டனில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்த நண்பன் இப்போது டல்லாஸ் பக்கம் இருக்கிறான். போன் பண்ணிச் சொன்னேன். "கிளம்பி வா மாப்ள, நான் காரை எடுக்கிறேன்" என்றான். காரணம்கூடக் கேட்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து நேராக ஃபோர்ட் வொர்த் நகர மையத்துக்கே போனோம். டல்லாஸுக்கு அருகிலேயே இருந்தாலும் ஃபோர்ட் வொர்த்துக்குத் தனிக் குணம். மாட்டுச் சந்தையும் தோல் வியாபாரமும் வளர்த்த ஊர். அந்தத் தோல் வியாபாரத்திலிருந்துதான் நம் கடையின் கதை பிறக்கிறது.

கப்பலில் ரேடியோ கருவிகளை வைத்திருக்கும் சின்ன மர அறைக்கு 'ரேடியோ ஷாக்' என்று பெயர். 1921-இல் பாஸ்டனில் தியடோர், மில்டன் என்ற டாய்ச்மன் சகோதரர்கள் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காகக் கடை திறந்தபோது அந்தப் பெயரையே வைத்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து அந்தக் கடை கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. தோல் கைவினைப் பொருள்கள் விற்றுக்கொண்டிருந்த டேண்டி நிறுவனத்தின் சார்லஸ் டேண்டி, ஃபோர்ட் வொர்த்திலிருந்து போய் அதை வாங்கினார். கொடுத்த விலை சுமார் 3 லட்சம் டாலர். கடையில் இருந்த 40,000 வகைப் பொருள்களை 2,500 ஆகக் குறைத்தார். பெரிய நகரங்களில் பெரிய கடை வைப்பதை விட்டுவிட்டு, ஊருக்கு ஊர் சின்னக் கடைகளாகத் திறந்துகொண்டே போனார். ரியலிஸ்டிக், ஆர்ச்சர், மைக்ரோண்டா என்று சொந்தப் பெயர்களில் பொருள்களைச் செய்ய வைத்து விற்றார். உச்சத்தில் 7,000 கடைகளுக்கும் மேல்.

1970-களில் டேண்டி கட்டிய இரட்டைக் கோபுரங்கள் நகர நடுவில் இன்னும் நிற்கின்றன. இப்போது பெயர் வேறு, ஆட்கள் வேறு. முன்பு அந்தக் கட்டடத்தின் அடியிலிருந்து ஆற்றோரக் கார் நிறுத்தம் வரை ஒரு சுரங்க ரயில் இலவசமாக ஓடியது. லெனர்ட்ஸ் என்ற பல்பொருள் அங்காடிக்காரர்கள் 1963-இல் போட்ட பாதை. கடையோடு சேர்த்து அதையும் டேண்டி வாங்கினார். தனியார் ஒருவர் சொந்தமாகச் சுரங்க ரயில் வைத்திருந்தது அமெரிக்காவில் அங்கே மட்டும்தான். மாணவர்களாக இருந்தபோது நானும் நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையே இல்லாமல் அதில் நாலு தடவை போய்த் திரும்பியிருக்கிறோம். 2002 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தக் கார் நிறுத்தத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

அப்புறம் டிரினிட்டி ஆற்றங்கரைக்கு நடந்தோம். ரேடியோஷாக் 2000-களின் நடுவில் தனக்காகக் கட்டிய பெரிய தலைமையகம் அங்கே இருக்கிறது. கண்ணாடியும் வெளிர் கல்லுமாக அழகான கட்டடங்கள். குடியேறிய சில ஆண்டுகளிலேயே விற்க வேண்டி வந்தது. இன்று அது டாரண்ட் கவுண்டி கல்லூரி. முதுகில் பையோடு பிள்ளைகள் படியேறிக்கொண்டிருந்தார்கள். பார்க்க நிறைவாகவே இருந்தது. படிக்கிற பிள்ளைகளின் கையில் போய்ச் சேர்ந்ததே, அது போதும்.

இரண்டாம் நாள், ஆர்லிங்டன்

1998 ஆகஸ்டில் அருப்புக்கோட்டையிலிருந்து இந்த ஊருக்கு வந்து இறங்கினேன். கல்லூரி நாட்களில் சென்னை ரிச்சி தெருவில் சுற்றியவன் நான். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், தோள் இடிபடும் நெரிசலில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவோம். பிசி547, எஸ்எல்100, எஸ்கே100 என்று டிரான்சிஸ்டர்களை வாங்கித் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்புவோம். இங்கே வந்து பார்த்தால் எங்கே போவது என்றே தெரியவில்லை. பக்கத்து அறை அமெரிக்கப் பையன்தான், கூப்பர் தெருவில் போனால் ஒரு ரேடியோஷாக் வரும் என்று சொன்னான்.

நடந்தே போனேன். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலை எழுதிப் புரியவைக்க முடியாது, எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்தவனுக்கே தலை சுற்றியது. கடைக்குள் ஏசி. பின்சுவர் முழுக்கக் கொக்கிகளில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு எண். 271 என்று தொடங்கினால் ரெசிஸ்டர், 272 கெப்பாசிட்டர், 274 பிளக், 275 ஸ்விட்ச், 276 டிரான்சிஸ்டர், ஐசி. 555 டைமரின் எண் 276-1723. அது எனக்கு இன்னும் மனப்பாடம். என் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணைவிட அது சீக்கிரம் மனதில் ஏறியது.

கவுண்டரில் வெள்ளைத்தலைப் பெரியவர் ஒருவர் இருந்தார். எஸ்எல்100 இருக்கிறதா என்று கேட்டேன். அது இந்தியாவில் புழங்கிய எண், அங்கே யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் இல்லை என்று சொல்லி அனுப்பவில்லை. "என்ன கட்டுகிறாய்?" என்று கேட்டார்.

ரிலே ஒன்றை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சை, ஓட்ட வேண்டும் என்றேன். எத்தனை வோல்ட், ரிலே எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கேட்டுக்கொண்டே மாற்று எண் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு ஒரு 2என்2222 டிரான்சிஸ்டரைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கையில் வைத்தார். ரிலேக்குக் குறுக்கே ஒரு டயோடு போட மறந்துவிடாதே என்று அதையும் சேர்த்துக் கொடுத்தார். ஊரைவிட்டு வந்து மூன்று வாரத்தில், வகுப்புக்கு வெளியே ஒரு மனிதர் என்னிடம் ஐந்து நிமிஷம் நின்று பேசியது அதுதான் முதல் முறை.

பில் போடும்போது போன் நம்பர் கேட்டார். எல்லோரிடமும் கேட்பார்கள், ஒரு பேட்டரி வாங்கினாலும் கேட்பார்கள். அது அந்தக் கடையின் பழக்கம். எங்கள் அறைக்கு அப்போது போனே வரவில்லை. வேறு வழி தெரியாமல் என் துறை அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்தேன். 2002-இல் அப்படிக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். 2015-இல் திவால் ஆனபோது, பல வருடமாகச் சேர்ந்திருந்த அந்த வாடிக்கையாளர் பட்டியலும் ஏலத்துக்கு வந்தது. அதை விற்கக் கூடாது என்று டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்கள் நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றன.

நண்பனின் கதை மிக்ஸியைப் பற்றியது. மதுரையிலிருந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய மிக்ஸி 230 வோல்ட், இங்கே வருவது 120. டிரான்ஸ்ஃபார்மர் வாங்க இருவரும் அதே பெரியவரிடம் போனோம். அவர் மிக்ஸியின் வாட்டைக் கேட்டார். பிறகு தன் கடையில் இருந்த கன்வர்ட்டரைக் காட்டி, "இது ஷேவிங் மிஷினுக்குத்தான் தாங்கும், இதை வாங்காதே" என்றார். கையிலிருந்த காசோடு திருப்பி அனுப்பினார். நண்பன் அதை இன்று கார் ஓட்டிக்கொண்டே எனக்கு மறுபடி சொன்னான். ஏதோ நான் அங்கே இல்லாததுபோல முழுக்கதையும் சொன்னான். நானும் முழுசாகக் கேட்டேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது பல் மருத்துவமனை. முன்சுவரில் எழுத்துகளைக் கழற்றிய தடம் தெரிகிறதா என்று பார்த்தேன். புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

மதியம் டல்லாஸின் வடக்கே மைக்ரோ சென்டர் என்ற கணினிக் கடைக்குப் போனோம். 1979-இல் ஒஹாயோவில் ரேடியோஷாக்கின் முன்னாள் ஊழியர்கள் இருவர் தொடங்கிய கடை. அந்த ஊரின் பெயரும் அப்பர் ஆர்லிங்டன். கடையில் நல்ல கூட்டம். கிராபிக்ஸ் கார்டுக்கு வரிசை நிற்கிறது, ஒரு ஓரத்தில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் ஃப்ரைஸ் என்ற எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் எல்லாக் கடைகளையும் மூடியதைப் பார்த்தவனுக்கு, இப்படி ஒரு கடை உயிரோடு இருப்பதே பெரிய ஆறுதல். 220 மைக்ரோஃபாரட் அங்கேயே இருந்தது. கையில் எடுத்தேன். நண்பன் என் முகத்தைப் பார்த்தான். திருப்பி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், செந்நதிக்கு அப்பால்

காலை ஆறு மணிக்குக் கிளம்பி 287-ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே போனோம். டெக்கேட்டர், போவி, ஹென்ரியட்டா, விச்சிட்டா ஃபால்ஸ். போகப்போக மரங்கள் குட்டையாகி, இரண்டு பக்கமும் மெஸ்கீட் புதர்கள் வந்தன. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் சொந்தக்கார மரம் அது. அதே இலை, அதே முள், அதே மஞ்சள் நெற்று. இராமநாதபுரம் ரோட்டில் போவதுபோலவே இருந்தது, நடுவில் தலையாட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணறுகள் மட்டும் வேறு. விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டிப் பாலத்தில் ரெட் ரிவரைக் கடந்தால் ஓக்லஹோமா. பெயருக்கு ஏற்ற நிறம், செம்மண் கரைந்த தண்ணீர் மணலுக்கு நடுவே மெல்லிசாக ஓடுகிறது.

நாங்கள் போன ஊரின் பெயரை எழுதவில்லை. கடைக்கார அம்மா கேட்டுக்கொண்டார். பெயர்ப்பலகையோடு போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் ஆட்கள் வருகிறார்களாம்.

இப்படிக் கடைகள் எப்படித் தப்பின என்பதைச் சொல்ல வேண்டும். ரேடியோஷாக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்பெனி நடத்தும் கடை. இன்னொன்று, சிறு ஊர்களில் ஏற்கெனவே ஏதோ வியாபாரம் செய்பவர்கள் டீலராகச் சேர்ந்து பெயரைப் போட்டுக்கொண்ட கடை. 2015 பிப்ரவரியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. சுமார் 4,000 கடைகளில் பாதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதை வாங்கியவர்கள் ஒரு செல்போன் கம்பெனியோடு சேர்ந்து நடத்திப் பார்த்தார்கள், 2017-இல் அதுவும் திவால். அந்த மே மாதக் கடைசியில், நினைவு நாள் விடுமுறையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேல் கடைகளை மூடினார்கள். கம்பெனி கடைகள் எழுபது சொச்சம்தான் மிச்சம். டீலர் கடைகளின் சரக்கு டீலர்களுக்கே சொந்தம், அதனால் அவை பிழைத்தன. அதன்பின் பெயர் பல கை மாறியது, நடுவில் ஒரு கிரிப்டோ வியாபாரத்துக்குக்கூட அந்தப் பெயரைப் பயன்படுத்தினார்கள். 2023-இலிருந்து எல் சால்வடோரின் யூனிகோமர் நிறுவனத்திடம் இருக்கிறது. மெக்சிகோவில் வேறொருவர் கையில் கடைகள் இன்னும் நடக்கின்றன.

இந்தக் கடையில் பாதி ஹார்டுவேர். ஆணி, பெயிண்ட், கோழித்தீவனக் கிண்ணம், பார்சல் அனுப்பும் மேசை. மீதிப் பாதியில் கேபிள்கள், ஆன்டெனாக்கள். கடைசியில் சாம்பல் நிற இரும்பு அலமாரி, அகலமான இழுப்பறைகள். அதைப் பார்த்ததும் நண்பன் என் தோளில் கை வைத்தான்.

எழுபதைத் தாண்டிய அம்மா. கணவர் தொடங்கிய கடை, அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ரிப்பேர் வேலை முன்பிருந்தே இவர் கையில்தான். 220 மைக்ரோஃபாரட் வேண்டும் என்றேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டார்: "எதற்குப்பா? என்ன சரிசெய்கிறாய்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. துண்டைப் பிரித்துப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். "ஓ, இதுவா!" என்று கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இழுப்பறையில் விரல்களை ஓட்டி, பழுப்பேறிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். 272 என்று தொடங்கும் எண், ரேடியோஷாக் எழுத்து, 35 வோல்ட். பழைய சரக்கு, அப்படியே போட வேண்டாம் என்று சொல்லி மீட்டரில் வைத்து அளந்தார். நன்றாகவே இருந்தது. பின்னால் பெஞ்ச் இருக்கிறது, இங்கேயே வேலையை முடித்துக்கொள் என்றார்.

நான் பழையதைக் கழற்றும் நேரம் முழுக்க அவர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பேட்டரி கார்டு இருந்தது. மாதம் ஒரு பேட்டரி இலவசம், கார்டில் அந்த மாதக் கட்டத்தைக் கடையில் அடித்துக் கொடுப்பார்கள். ஒன்றாம் தேதி பள்ளி விட்டதும் பிள்ளைகள் சைக்கிளில் வந்துவிடுவார்கள், வாங்குவது எதுவும் இருக்காது. ஆனால் சுவர் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவர்களில் ஒருவன் அலைபேசிக் கோபுர வேலையில் இருக்கிறான், இன்னொருத்தி மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கிறாள். ஃபாரஸ்ட் மிம்ஸ் கட்டம் போட்ட தாளில் கையாலேயே எழுதி வரைந்த சிறு குறிப்பேடுகள் இரண்டை அலமாரி மேலிருந்து இறக்கிக் காட்டினார். எத்தனை பேருக்கு எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார் அந்தக் குறிப்பேடுதான்! 555-ஐ எனக்குக் கல்லூரி சொல்லித்தந்தது உண்மை. புரியவைத்தது அந்தப் பென்சில் படம்.

1977-இல் இந்தக் கம்பெனி டிஆர்எஸ்-80 என்ற கணினியைக் கொண்டுவந்தது. மானிட்டரோடு 599 டாலர் 95 சென்ட். முன்மாதிரியைக் காட்டியபோது சார்லஸ் டேண்டி தன் சம்பளம் 1,50,000 டாலர் என்று அடித்துப் பார்க்க, அவ்வளவு பெரிய எண்ணைத் தாங்காமல் புரோகிராம் நின்றுவிட்டது. விற்காமல் போனால் கடைக்கு ஒன்றாகக் கணக்கு எழுதவாவது உதவும் என்று கடைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப 3,500 செய்யச் சொன்னார்கள். சில வாரங்களிலேயே அதற்கும் மேல் ஆர்டர் குவிந்தது. ஊர் ஊருக்குக் கவுண்டர் இருந்ததால்தான் அது நடந்தது. கோதுமை விவசாயி ஒருவர் இந்தக் கடையில்தான் முதல் கணினியை வாங்கிக்கொண்டு டிரக்கில் ஏற்றிப் போனாராம்.

அப்புறம் ஏன் விழுந்தது? அமேசான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை. ஒரு ரெசிஸ்டர் பொட்டலம் விற்றால் கிடைப்பது சில்லறை. ஒரு செல்போன் ஒப்பந்தம் எழுதினால் செல்போன் கம்பெனி கை நிறையக் கொடுக்கும். மேலே இருந்தவர்கள் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். சுவரிலிருந்த பொட்டலங்கள் இழுப்பறைக்குப் போயின, முன்பக்கம் போன் வந்தது. ரெசிஸ்டரைப் பற்றித் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது வீண் என்று ஆனது. பிறகு செல்போன் கம்பெனிகள் தெருவுக்கு ஒரு கடையைத் தாங்களே திறந்துகொண்டன. 2011-இல் ரேடியோஷாக் தப்பை உணர்ந்து, என்னென்ன பாகங்கள் வேண்டும் என்று வாடிக்கையாளர்களையே கேட்டது. ஆர்டுயினோ என்ற, புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன சர்க்யூட் பலகைகளைக்கூடக் கொண்டுவந்து வைத்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் அதற்குள் போய்விட்டார்கள்.

சால்டர் வைத்து முடித்தேன். மைனஸ் பக்கத்துப் பட்டை சரியாக இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார். புது 9 வோல்ட் பேட்டரியை மாட்டி, இன்புட் ஒயரின் முனையை விரலால் தொட்டேன்.

ம்ம்ம்ம் என்று கனமாக, நிறைவாக எழுந்தது. வீட்டு மின்சாரத்தின் ஹம். நம் உடம்பே ஆன்டெனா. இங்கே அது 60 ஹெர்ட்ஸ், ஊரில் 50. விடுதி அறையில் நான் முதல் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டபோது கேட்ட சத்தம் இதைவிடக் கொஞ்சம் இறங்கிய சுருதியில் இருக்கும். நண்பனும் விரலை நீட்டி வைத்துப் பார்த்தான். கடைக்கார அம்மாவும் தொட்டார். மூன்று பேரும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தோம், வாசலில் பார்சலோடு ஒருவர் காத்திருப்பதைக் கவனிக்கவே இல்லை.

பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த பழைய விலைதான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டார், 1 டாலர் 29 சென்ட். பேட்டரிக்குத் தனியாக. பில் புத்தகத்தை இழுத்து, கார்பன் தாளைச் சரிசெய்து, பேனாவைத் திறந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "போன் நம்பர்?" என்று கேட்டார்.

பத்து இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இந்த முறை என் சொந்த எண்.